ஆன்டெனா பிடிக்கிற என் அண்ணன்

4 ஆகஸ்ட் 1985, ஞாயிறு

கச்சான் காற்று, மேற்கேயிருந்து. நாள் முழுக்க மணல், சோற்றிலும்.

ஆறு மணிக்குப் பஞ்சாயத்து டி.வி. கல்லூரிப் பிள்ளைகள் தொடர், முதல் வாரம். அதில் ஒருவன் இடுப்பை ஒடித்து நடக்கிறான். கூடப் படிக்கிறவனுக்கென்று கைக்குட்டையில் பூ தைக்கிறான். சிரிப்பதற்கென்றே அவனை வைத்திருக்கிறார்கள். எங்கள் இளவட்டம் மொத்தமும் சிரித்தது. கோபால் வாசல் பக்கம் திரும்பி, "டேய் ஏழுமல, உன்ன டி.வி.ல காட்றான்டா!"

அண்ணன் வெளியே. காற்றில் ஆன்டெனா திரும்பாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. எப்போதும் அவன்தான். படம் பார்த்ததே இல்லை. சிரிப்பு மட்டும் காதில் விழும்.

நானும் சிரித்தேன். மறக்கக் கூடாது, எழுதி வைக்கிறேன்.

6, செவ்வாய்

பொன்னேரி, டைப் வகுப்பு. பஸ்ஸில் போக வர நின்றுகொண்டே. சோப்பு வாங்க மறந்தேன்.

அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. "மெட்ராஸ் போய்ட்றேன். அங்க என்ன யாருக்குத் தெரியும்." அவன் நடை அப்படித்தான், சின்ன வயதிலிருந்து. அலையில் படகைத் தள்ளும்போது மட்டும் எவனுக்கும் அது கண்ணில் படாது. அயோக்கியர்கள்.

11, ஞாயிறு

அண்ணன் டி.வி.க்குப் போனான்! அதே கம்பம். திரையில் கைக்குட்டைப் பையன் வந்தான், சிரிப்பு கிளம்பியது. உடனே படம் போய்விட்டது. வெறும் புள்ளிகள்.

"ஏழுமல, திருப்புடா!"

"எவன் சிரிச்சது?"

"அட, திருப்பு நைனா..."

"சிரிச்சி முடிங்க. அப்பால திருப்பறேன்."

மூன்று முறை இப்படி. நான்காம் முறை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். அப்போதுதான் அந்தப் பையன் பேசுவதே கேட்டது. கைக்குட்டையை நண்பன் தூக்கி எறிந்தான். என் பக்கத்தில் வள்ளி: "பாவி, வாங்கிக்கினா இன்னாவாம்!" போன வாரம் அதிகம் சிரித்தவள் அவள்தான்.

முடிந்ததும் அண்ணன் வாசலில் நின்று, "அடுத்த வாரம் நான் உள்ள குந்துவேன். எவனாச்சும் கம்பம் புடிங்க. இல்லாட்டி யாருக்கும் படம் கெடையாது."

வீடு வரை அவனை ஒட்டியே நடந்தேன். எல்லாரும் பார்க்கட்டும். மெட்ராஸ் பேச்சு இல்லை.

18, ஞாயிறு

காற்று குறையவில்லை. கம்பத்துக்கு ஆள் இல்லை. வள்ளி கோபாலிடம், "வாய் கிழியப் பேசினியே, போ, போய்ப் புடி." போனான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அண்ணன் முதல் வரிசையில். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சத்தமாக, "இவனுக்கு நடக்கவே தெரில." எழுந்தான். ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கம் வரை, டி.வி.க்கு முன்னால், தன் நடையை நடந்து காட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். எவனும் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து கோபால்: "தெரியுதா?"

நான்தான் கத்தினேன்: "நல்லாத் தெரியுது!"