சைபர் மார்க்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
17.11.2025

அன்பு மகன் டெரிக்குக்கும் மருமகள் சோஃபியாவுக்கும் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அந்த வெளிநாட்டுப் பனியிலும் நீங்கள் இருவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ கேட்பதற்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விடுகிறது. சாப்பிட்டீங்களாம்மா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். தூக்கம் வருதா, வருது. ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்கூட இதைவிட இரண்டு வார்த்தை அதிகம் பேசுவார். நான் சொல்ல நினைத்தது எதுவும் அந்தப் பேச்சில் நுழைய இடமில்லை, அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

இங்கே ஒரு நாள் மழை, இரண்டு நாள் வெயில். கல்லறைத் திருநாளுக்கு மாடி வீட்டு அஃப்சருன்னிசா எனக்குத் துணையாக வந்தாள், பூவும் அவள்தான் வாங்கி வந்தாள், அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. மெட்ரோ வேலையில் லஸ் பக்கம் பஸ் எங்கே நிற்கும் என்பது பஸ்ஸுக்கே தெரியவில்லை. போன வாரம் முட்டி வலியில் படியில் கால் வைக்க நேரமாகிவிட்டது, கண்டக்டர் பையன், இன்னா ஆயா, ஏறிக்கிறியா இல்ல மெட்ரோ வர்ற வரிக்கும் நின்னுக்கினே இருக்கப் போறியா என்றான். பஸ்ஸே சிரித்தது. டெரிக், உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் அப்பா போன பிறகு என்னை யாரும் கிண்டல் செய்யவில்லை. கோயிலில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்கள், ஏதோ நான் கீழே விழுந்து உடைந்துவிடுவேன் என்பது போல. முன்பின் தெரியாத ஒருவன் கேலி செய்ததை வீட்டுக்கு வந்தும் நினைத்து நினைத்துச் சிரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன புதன்கிழமை நீ வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாய், நக்கலாகப் பேசுகிறவர்களுக்குப் புத்தி அதிகம் என்று யாரோ ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்களாம். கீழே, அப்பா சொன்னது சரிதான், மர்சலின் மேடம் ஃபெயில் என்று எழுதியிருந்தாய். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்துவிட்டாய். பிறகு ஸாரிம்மா என்று ஒன்று. அந்த ஸாரிதான் எனக்கு வலித்தது.

நக்கலுக்கு மூளை வேணும் மர்சலின், அது புரியறதுக்கு அதுல பாதியாவது வேணும் என்று உன் அப்பா தினமும் சொல்வார். கணக்கு வாத்தியார் இல்லையா, சாப்பாட்டு நேரத்தில் யார் நன்றாகக் குத்திப் பேசினார்கள் என்று கோயில் காலண்டரில் சிவப்பு மையில் மார்க் போடுவார். அவருக்கு ஒன்பது, உனக்கு ஏழு, எனக்கு எப்போதும் சைபர். ஒரு நாள் மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. கடலையே கொண்டுவந்துட்டியே, மீன் மட்டும் கரையிலேயே நின்னுடுச்சா என்று அவர் கேட்க, நீ சோற்றைத் துப்பிச் சிரித்தாய். மீன் வாங்கப் போனவர் அவர். லூப் ரோட்டுக் கடற்கரையில் மணிக்கணக்காக வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளங்கை அகலத்தில் இரண்டு சங்கரா வாங்கி வந்தார். கரையில் நின்றது மீன் இல்லை, நீங்கதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, நாளைக்குச் சரியா வைக்கிறேன் என்றேன். உனக்கு அது தெரியாது. டியூப்லைட் அம்மா என்றுதான் உனக்குத் தெரியும்.

ஏன் விழுங்கினேன் என்றால், கல்யாணமான புதிதில் ஒரு தடவை பதில் சொல்லிப் பார்த்தேன். அவர் ஸ்கூல் வாத்தியார்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள், என் ரசத்தைப் பார்த்து இதுல தெப்பமே விடலாம் என்றார் உன் அப்பா. குழாயடியில இருந்து குடம் தூக்கினது நான், தெப்பம் விட மட்டும் நீங்களா என்றேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கட்டிக்கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. இவ்வளவு புத்திசாலிக்கு ஒரு வார்த்தை தாங்க முடியவில்லையே என்று முதலில் கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது. சரி, இந்த வீட்டில் ஒருத்தி மக்காக இருந்தால்தான் சோறு இறங்கும் என்று முடிவு பண்ணினேன். அதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று உன் ஆராய்ச்சிக்காரர்களைக் கேட்டுச் சொல்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவருக்கு உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, உன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவலை என்றார். அன்றைக்கு ஏனோ விழுங்க முடியவில்லை. அவ்வளவு ருசியா இருந்தா இங்கேயே இருந்துடுங்க, வீட்டுக்கு எதுக்கு வர்றீங்க என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். இத்தனை வருஷம் இதை எங்கேடி வச்சிருந்தே என்றார். ஒரு கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கையின் அஞ்சு விரலை விரித்துக் காட்டினார், மூடி மறுபடியும் அஞ்சு விரலைக் காட்டினார். பத்து. மூன்றாம் நாள் போய்விட்டார், வீட்டுக்கு வரவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் அவர் கிண்டலையெல்லாம் சொல்லிச் சிரித்தபோது நான் எழுந்துபோய் அழுதது இதற்காகத்தான். நீ பின்னாலேயே வந்து, நாங்க ரெண்டு பேரும் உங்களை ரொம்ப நோகடிச்சுட்டோம், இனிமே மாட்டேன்மா என்றாய். நான் வாய் திறக்கவில்லை, தப்பு பண்ணிவிட்டேன். அவர் சொன்னதற்கு நான் அழவில்லை, நான் சொன்னதற்கு அழுதேன். சிரிக்கத்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லாமல் போனதும், அது நிஜமாகவே சொன்ன வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. எந்நேரமும் காதில் கேட்கிறது. நீயும் மரியாதையாகப் பேச ஆரம்பித்த பிறகு வீடு முழுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

காதில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே, சோஃபியாவை ராத்திரி தயிர் சாப்பிட வேண்டாம் என்று சொல். மாதா உங்கள் இருவரையும் குறைவில்லாமல் காப்பாற்றட்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மட்டும் சாப்பிட்டீங்களா என்று ஆரம்பிக்காதே, என்ன மேடம் இன்னைக்கு எதைக் கருக்கினீங்க என்று கேள். பதில் தயாராக இருக்கிறது, இந்தத் தடவை விழுங்க மாட்டேன். காலண்டரில் சிவப்புப் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நீ மார்க்கைச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் டியூப்லைட் அம்மா
மர்சலின் பவுல்சாமி