நார்த் பேட்டில்போர்டில் வேன் நிற்க வேண்டும்

அன்பு மகன் எலியாஸுக்கு, அம்மா ராகேல் சொல்லச் சொல்ல உன் தங்கை டோரத்தி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். என் வலது கையைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் பயப்படாதே, பொதுச் சமையலறையில் ஜாம் கொதித்துத் தெறித்துவிட்டது, பத்து நாளில் கட்டை அவிழ்த்துவிடலாமாம், அதனால்தான் பேனா டோரத்தியிடம் இருக்கிறது. கிழங்கு சேமிக்கும் நிலவறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறோம், இங்கே யாரும் வர மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஆல்பர்ட்டாவில் உன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். களையெடுப்பு முடிந்து புல் அறுப்பு தொடங்குவதற்குள் கிடைக்கிற ஒரே வாரத்தில் நம் சபைக் குடியிருப்பிலிருந்து பதினான்கு பேர் புறப்படுகிறோம், வேன் ஓட்டுவது உன் அப்பா. போக மட்டும் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். டோரத்தி பள்ளிக்கூட வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள், நம் வாசலிலிருந்து விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன், யார்க்டன் வந்தது, சாஸ்கட்டூன் வந்தது, அப்புறம் பார்த்தால் நார்த் பேட்டில்போர்ட், உன் ஊர், நீ வேலை பார்க்கிற பெட்ரோல் பங்க், நாங்கள் போகிற சாலையிலேயே இருக்கிறது. மூன்று வருஷமாகப் பார்க்காத பிள்ளையின் வாசல் வழியாகவே நான் போகப் போகிறேன் என்று தெரிந்ததும் அன்றைக்கு ரொட்டி மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன், சாப்பாட்டுக் கூடமே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆனால் சாஸ்கட்டூனில் டாங்கியை நிரப்பிவிட்டால் ஆல்பர்ட்டா எல்லைவரை உன் அப்பா நிறுத்த மாட்டார், உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் நீயே பாட்டிலில் போனவன்தானே. நிறுத்துங்கள் என்று நான் கேட்கலாம், கேட்டால் ஏன் என்பார், ஏன் என்று சொல்ல உன் பெயரை எடுக்க வேண்டும், எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஓடுகிற வேனிலிருந்து எங்கே போவார் என்று டோரத்தி சிரிக்கிறாள், அதையும் எழுதிவிட்டாள் பார். நீ குடியிருப்பை விட்டுப் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை எலியாஸ், சொல்லாமல் போனதுதான். உன் கடிதம் வந்தால் தபாலோடு எடுத்துவந்து என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உன் அப்பாவின் அக்கா ரெபேக்கா அத்தையும் வருகிறாள். அக்கா கேட்டால் மட்டும் அவர் பிரேக்கில் கால் வைப்பார். போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் அவளுக்கு உப்புப் போட்டு வறுத்த சூரியகாந்தி விதை கொடுத்தேன், தாகம் என்றதும் நான்கு கோப்பை தேநீர் ஊற்றினேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து, ஏண்டி ராகேல், தேநீர்ல என்னத்தடி கலந்த, தள்ளிப் போங்கடி எல்லாரும் என்று பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாஸ்கட்டூனிலிருந்து உன் ஊருக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். அங்கே கிளம்பியதும் அவளுக்கு ஊற்றிக் கொடுக்க மூன்று ஃபிளாஸ்க் நிறையத் தேநீர் எடுத்து வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை உன் கடிகாரத்தில் இரண்டு மணி, எங்கள் மாகாணக் கடிகாரத்தில் அப்போது மூன்று, அதில் குழம்பிவிடாதே. முடி வெட்டிக்கொள், நகத்தில் கிரீஸ் இல்லாமல் பார்த்துக்கொள். எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து அழ வைத்துவிடாதே, தனியாக என்றால் பரவாயில்லை. நூடுல்ஸ் காயவைத்தது இரண்டு பை, ஜாம், கம்பளிக் காலுறை, நீ போட மாட்டாய் என்று தெரிந்தும் நம்மவர்கள் போடுகிற ஒரு கறுப்புக் கால்சட்டை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். இடுப்பு அளவு பழையதுதான், இளைத்துப் போயிருந்தால் வார் போட்டுக்கொள். உன்னைக் காக்கிறவர் உறங்காமல் காக்கட்டும், உன் கைவேலை ஆசீர்வதிக்கப்படட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ராகேல்

அண்ணா, இந்தத் தாள் அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் பயத்தில்தான். பக்கத்துக் கட்டிலில் யாராவது புரண்டால் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுகிறேன். சாயங்காலம் அப்பாவுக்குக் காபி கொண்டுபோய் வண்டிக் கொட்டகைக் கதவோரம் நின்றேன். உள்ளே அப்பாவும் நம் குடியிருப்பின் செலவுகளைப் பார்க்கும் பவுல் மாமாவும், எங்கெங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அப்பா எழுதிய பயணத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் அந்திரேயாஸ், பெட்ரோல் சாஸ்கட்டூன்லயே போட்டுக்கலாமே, நார்த் பேட்டில்போர்ட்ல என்ன விசேஷம் என்று மாமா கேட்டார். அப்பா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், வழியெல்லாம் பூச்சி, முன் கண்ணாடில அப்பிக்கும், அந்த ஊர்ல நல்லாத் துடைக்கிறாங்களாம் என்றார். மாமா தாளை வெளிச்சத்தில் பிடித்து, மத்த ஊருக்கெல்லாம் பதினஞ்சு நிமிஷம், இங்க மட்டும் நாப்பத்தஞ்சா, ரொம்ப நல்லாத்தான் துடைப்பாங்க போலிருக்கு என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அப்பாவின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். நீ ஒண்ணும் கேக்கல, புரியுதா, உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது, அங்க போனதும் அவளே பாக்கட்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன், காபி பாதி கீழே.

இப்போது எனக்குப் பயம் அம்மாவின் தேநீரை நினைத்துத்தான். அம்மா போட்ட கணக்கு அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போட்டது. வேன் குலுக்கலில் அவ்வளவு நேரம் தாங்க மாட்டாள், பாதிவழியில் ஏதாவது சின்ன ஊரில் கத்துவாள், அப்பா நிறுத்தித்தான் ஆக வேண்டும். எல்லோரும் இறங்கிவிட்டால், அங்கேயே பெட்ரோலும் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்லாமல் இருப்பார்களா? அதற்குமேல் உன் ஊரில் நிறுத்த அப்பாவுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்காது, காரணம் இல்லாமல் நிறுத்த அவருக்கு வராது. அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பாவுக்குத் தலையாட்டியாயிற்று. அப்பாவிடம் சொன்னால் அம்மா திட்டம் வெளியே வந்துவிடும். அதனால் இப்படிச் செய்யப் போகிறேன். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைப் பின் இருக்கையில் போட்டிருக்கிறார்கள், ஃபிளாஸ்க் மூன்றும் என் காலடியில்தான் வரும். சாஸ்கட்டூனில் கழிப்பறையில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன், மூடி சரியில்லை, சிந்திவிட்டது என்பேன். அம்மாவிடம் இவ்வளவு பெரிய பொய் நான் சொன்னதில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வராது.

கடிதத்தை நாளை வெளியூரிலிருந்து வரும் ஆங்கில டீச்சர் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன், படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு. ஒன்று மட்டும் மறக்காதே. வேன் நின்றதும் அம்மா எப்படியும் இறங்கி ஓடிவந்துவிடுவாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா ஸ்டீயரிங்கை விட்டு எழ மாட்டார், கதவையும் திறக்க மாட்டார், நேராக முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். நீ வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடை. அவசரப்படாதே அண்ணா, நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.

உன் தங்கை
டோரத்தி