எங்கள் வீட்டுத் தண்டல்

வக்கீல் ஐயா,

இன்று காலையில் பேரன் பெண்டாட்டி வாசலில் நின்று, "பாட்டி, தண்டல் வந்திருக்காரு!" என்று கூப்பிட்டாள். ஆய்ந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். வாசலில் தோல்பையோடு ஒருவன் நின்றான். தெருவுக்கெல்லாம் கடன் கொடுத்து தினமும் வந்து வாங்கிப்போகிறவன். அவள் மெட்ராஸில் வளர்ந்தவள். அங்கே வட்டி வசூலிக்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர். நம் தூத்துக்குடியில் தோணியை நடத்திப்போகிற தலைவனுக்கு அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் கடலில் இருந்து திரும்பினால் அப்படித்தான் வாசலில் வந்து சொல்வார்கள்.

நீங்கள் போய்ச்சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புத்தான் படித்தேன். என் கையெழுத்தைக் காட்டித்தான் உங்கள் குமாஸ்தாவைத் திட்டுவீர்கள், மறக்கவில்லை.

அப்போது எமர்ஜென்சி. என் வீட்டுக்காரர் கொழும்புக்கு ஓடு ஏற்றிப்போன தோணியில், ஓட்டுக்கு அடியில் கடத்தல் சரக்கு இருந்ததாம். ஏற்றிவிட்ட முதலாளி தலைமறைவாகிவிட்டார். ஊர் திரும்பிய இவரைச் சுங்கத்தார் பிடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். அதை வைத்துக்கொண்டு, கும்பலுக்குப் பணம் வசூலித்தவன் இவன்தான், எங்களிடம் ஒப்படையுங்கள் என்று இலங்கையில் இருந்து கேட்டுவிட்டார்கள். அங்கே போனால் ஆள் திரும்பாது என்று எங்கள் ஊர் புன்னைக்காயல் முழுக்கப் பேச்சு.

நீங்கள் எங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை.

"தங்கச்சி, அவரு தமிழ்ல சொன்ன மூலத்தை வாங்கிப் பார்த்துட்டேன். 'அந்தத் தோணிக்கு நான்தான் தண்டல்'னு சொல்லியிருக்காரு. மெட்ராஸ்ல எவனோ அதை இங்கிலீஷ்ல வசூல்காரன்னு எழுதிட்டான்!"

"அவுகளா? இவுககிட்டக் கடன் வாங்குனவன் எதுக்க வந்தா, இவுகதான் தெரு மாறிப் போவாக!"

மூக்குக்கண்ணாடி நழுவச் சிரித்தீர்கள்.

கோர்ட்டில் அரசாங்க வக்கீல், "அகராதியிலயே தண்டல்னா வசூல்தான்" என்று அடித்துப் பேசினார்.

"அப்போ நம்ம துறைமுகத்துல நிக்கித தோணியெல்லாம் வட்டிக்கடையா? ஒண்ணுல ஏறிக் கடன் கேட்டுப் பாரும். தண்டல் உம்மைத் தூக்கிக் கடல்ல போட்டுருவான்" என்றீர்கள் நீங்கள்.

நீதிபதிகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பானது. கூண்டுக்குள் இருந்து இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதோடு சரி.

கோர்ட்டு வாசலிலேயே ஜீப் நின்றது. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற உத்தரவு.

"இதுக்கும் ஒரு வார்த்தையக் கண்டுபிடிங்க ஐயா" என்று உங்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தச் சட்டத்துல என்னை வாயத் திறக்க விடமாட்டாங்க, தங்கச்சி."

கையில் இருந்த கேஸ் கட்டை எந்தக் கக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

ஜெயிலில் காய்ச்சல் கண்டது என்றார்கள். அடுத்து ஜெயிலில் இருந்து வந்த ஆள், உடலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான். கூட வந்தவர் நீங்கள்தான். அங்கே பதிவேடு எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே, "தொழில் என்ன? கூலின்னு போட்டுக்கிடுதேன்" என்றார்.

அப்போதுதான் வாயைத் திறந்தீர்கள். "தண்டல்னு எழுதும்."

"அப்படின்னா?"

"தோணிக்குத் தலைவன். இங்கிலீஷ்ல வேணும்னா என்கிட்டக் கேளும், நான் சொல்லுதேன். நீரா ஒண்ணு எழுதிராதேயும்."

அவர் எழுதி முடிக்கும்வரை மேசையை விட்டு நகரவில்லை. எழுதினதை என்னிடம் திருப்பிக் காட்டி, "வாசிச்சுப் பாரு தங்கச்சி, சரியா இருக்கா?" என்று கேட்டீர்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது.

இன்று காலையில் அந்த வசூல்காரன் போனபிறகு பேரன் பெண்டாட்டியைக் கூப்பிட்டேன்.

"ஏளா, அவன் வந்தா வசூல்காரன்னு சொல்லு. இந்த வாசல்ல நின்னுக்கிட்டு, தண்டல் வந்திருக்காருன்னு சொல்லாத."

"ஏன் பாட்டி?"

"நான் எந்திரிச்சிருதேன்லா."