அபமேயாவில் நாள் தொடங்கும் நேரம்

அன்பு மகன் அரிஸ்தோனுக்கு, அபமேயாவிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் ஈரேனேயும் குழந்தையும் எபேசுவில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். முதலில் பெரிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பதை நம் சபை முடிவுசெய்துவிட்டது. மூத்தோர் எழுவரும் போன புதன்கிழமை நம் கூடத்தில் ஜெபித்து உட்கார்ந்து, நோன்பு நாளாகையால் வெறும் வயிற்றோடு மதியம் முழுக்கப் பேசி, நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது, விடியும்போது அல்ல என்று தீர்மானித்தார்கள். ஒப்பியவர் நால்வர், மறுத்தவர் மூவர். உலகம் உண்டானதிலிருந்து இருந்த குழப்பம் நம் வீட்டில் வைத்துத் தீர்ந்தது.

நீ அனுப்பிய பெரியவர் அபியா அதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார். உன் கடிதத்தை அங்கியின் மடிப்பில் வைத்துத் தைத்திருந்தார், படித்தேன். அவர் ஆண்டவரின் செய்தியைச் சொல்லி ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலர், பேரரசருக்குத் தூபம் போட மறுத்ததால் தேடுகிறார்கள், எல்லை நதி தாண்டும் வரை பத்திரமாக வைத்திரு என்று எழுதியிருந்தாய். அவர் வாசலில் நின்றபோது சூரியன் மேற்கு மதிலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அந்த ஒரு சாணை நினைவில் வைத்துக்கொள். கால் கழுவத் தண்ணீர் வைத்தேன், பாதம் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது, அறுத்துத்தான் எடுத்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பயற்றங்கூழ் கொடுத்துப் படுக்க வைக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் சபை முழுவதும் கூடிவிட்டது, முதல் அப்போஸ்தலர்கள் எப்படிச் செத்தார்கள் என்று கேட்க. யாக்கோபை வாளால் வெட்டியது, பேதுருவை ரோமில் சிலுவையில் அறைந்தது, இன்னொருவரைக் கல்லெறிந்து கொன்றது எல்லாவற்றையும் அவர் சுவரில் சாய்ந்தபடி சொன்னார், பழகிய பாதையில் நடக்கிற கழுதை மாதிரி. எல்லாரும் அழுதார்கள். நம் தலைமூப்பர் சேனோன் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார், பேதுருவின் பகுதியை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.

நம் சபை விதி உனக்குத் தெரியும். வருகிற அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளன். காரணமில்லாமல் வந்த விதி அல்ல. போன வருஷம் ஒருவன் வந்து பதினோரு நாள் தங்கினான், ஆவியானவர் பேசுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை ஆட்டுக்கறி கேட்டான், மூன்று முறையும் சமைத்தவள் நான். அதனால் மூன்றாம் நாளைக்கு அவரை வைத்துக்கொள்ள நானும் நினைக்கவில்லை. உன் தாய்மாமன் வியாழக்கிழமை விடியுமுன் கம்பளி மூட்டைகளோடு நதிக்கரைக்குப் புறப்படுவதாக இருந்தான். இருபது கழுதைக்கு நடுவில் ஒரு கிழவரை யார் பார்க்கப்போகிறார்கள், அவரையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தான். புதன் மதியம் சேனோன் வந்து, "தங்கச்சி, இவருக்கு இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டார். ரெண்டாவது நாள்தான் அண்ணே, விடியறதுக்குள்ள கிளம்பிடுவார் என்றேன். அவர் விரலை மடக்கிப் பார்த்தார். செவ்வாய் மாலை அந்த ஒரு சாண் வெயில் முதல் நாள், அது மறைந்ததும் இரண்டாம் நாள், இன்று பொழுது சாய்ந்தால் மூன்றாம் நாள் என்றார். சந்தையில் கடை வைத்திருக்கிற மூவர், விடிந்தால்தான் நாள், நாங்கள் கடை திறப்பதே அப்போதுதான் என்றார்கள். சேனோனோ படைப்பிலேயே மாலைதான் முதலில் வருகிறது என்று சிருஷ்டியிலிருந்து தொடங்கினார்.

மனுஷனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று நான் நடுவில் புகுந்தேன். விதியில் காய்ச்சலுக்கு விலக்கு இல்லை என்றார் சேனோன். எழுதினவங்களுக்குக் காய்ச்சலே வந்ததில்ல போலிருக்கு என்றேன், அதை யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. என் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி வைக்கிறேன் என்றதற்கு, விதி ஊர்ச் சபை முழுவதற்கும் என்றார்கள். ஒப்புகிறவர் மூவர், மறுக்கிறவர் மூவர் என்று நின்றபோது எல்லாரும் ஏழாவது மூப்பரான உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்கள். நகர வாசல் மூடுமுன் பெரியவர் மதிலுக்கு வெளியே போய்க் கிணற்றடியில் படுத்திருக்கட்டும், விடியலில் மாமன் வழியில் ஏற்றிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. நான் அழுதுகொண்டே ரொட்டி கட்டிக்கொடுத்தேன். அவர் சிரித்தார். "சிலுவையில தொங்கினவங்களுக்கு யாரும் நாள் கணக்குப் பார்க்கலம்மா. எனக்காவது பார்க்கிறாங்களே" என்றார். செருப்பு காலில் ஏறவில்லை, வெறுங்காலோடு போனார்.

வாசல் மூடும் நேரத்தில் எல்லாரும் ஊருக்குள் வருவார்கள். வெளியே போனவர் அவர் ஒருவர்தான். காவலர்கள் நிறுத்திப் பெயர் கேட்டார்கள், சொன்னார். ஒரு சிட்டிகைத் தூபம் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஊர் ஆற்றங்கரையில் வாளால் முடித்துவிட்டார்கள். நானும் அக்காவும் போய்க் கேட்டு உடலை வாங்கி, மதிலுக்கு வெளியே நம் ஒலிவத் தோப்பில் வைத்திருக்கிறோம். அவர் இங்கே இருப்பதைப் பற்றிச் சபையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சேனோன் அந்த அறுந்த செருப்பைக் கேட்டு வாங்கிப்போனார், வருஷாவருஷம் அந்த நாளில் அதை எடுத்து வைத்து அவர் பாடுகளைச் சொல்லப் போகிறார்களாம். அந்த நாள் முந்தின மாலையே தொடங்கும் என்றும் இப்போதே அறிவித்தாயிற்று. உன் அப்பாவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, கனைப்பதும் இல்லை. நீ அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, கோபமாக எழுதாதே, கோபமான சொல்லை நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கும் முடியவில்லை மகனே, யார் வந்து கதவைத் தட்டினாலும் முதலில் சூரியனைத்தான் பார்க்கிறேன்.

குழந்தைக்குக் கடற்காற்று ஆகாது, தலையை மூடியே வெளியே தூக்கிப் போ. ஈரேனேயை எடை தூக்க விடாதே. இனிமேல் யாரையாவது இங்கே அனுப்பினால், நகர வாசல் மூடுமுன் உள்ளே வந்து சந்தையில் காத்திருந்து, பொழுது சாய்ந்தபின் கதவைத் தட்டச் சொல், மறந்துவிடாதே. உங்கள் மூவர் மேலும் ஆண்டவரின் கை நிழலாக இருக்கட்டும், உன் வாசலுக்கு வருகிறவர்கள் மேலும் இருக்கட்டும்.

உன் அம்மா,
மர்த்தானா

மாமன் சொன்னபடி வியாழக்கிழமை விடியுமுன் புறப்பட்டான். காவலர்கள் வாசலைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்களாம், கழுதைகளை யாரும் எண்ணவில்லை.