கொடுக்காமல் வைத்துக்கொண்டது

அன்புள்ள முன்னாள் கணவனே,

நகரத்துப் பள்ளியில் நம் ஒஜிப்வே பழங்குடி அந்தக் காலத்தில் அரசாங்கத்தோடு போட்ட நில ஒப்பந்தத்தைப் பற்றி இன்று பேசினேன். ஒரு பெண் எழுந்து, "அரசாங்கம் உங்களுக்கு மட்டும் ஏன் ஏரியில தானா விளையுற நெல்லை எடுக்குற உரிமையைக் குடுத்துச்சு?" என்றாள்.

"யாரும் குடுக்கல கண்ணு. நாங்கதான் நிலத்தைக் குடுத்தோம். நெல்லை மட்டும் குடுக்காம வச்சுக்கிட்டோம்."

"அப்படி வச்சுக்கலாமா?"

"தாராளமா. குடுக்குறவங்கதானே அதைச் சொல்லணும்?"

திரும்பி வரும் வழியில்தான் எனக்கே உறைத்தது. பிரிந்தபோது வீட்டையும் நாயையும் உனக்கு விட்டேன். அறுவடைக்கு நீ என் படகில் கழி ஊன்றுவதை விட்டுக்கொடுத்ததாக நான் எங்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஏரியை அறுவடைக்குத் திறந்துவிடுகிறார்கள். கதிரை வளைத்து நெல்லைப் படகுக்குள் தட்ட நான் இருக்கிறேன். கழி ஊன்ற உன் தங்கை வருகிறேன் என்கிறாள். போன வருடம் என்னைத் தண்ணீரில் கவிழ்த்தவள்.

வந்து சேர். நான் கெஞ்சவில்லை, கொடுக்காமல் வைத்துக்கொண்டதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
படகில் உனக்கு முன்னால் உட்காருபவள்