சித்தி என்று அழைத்தாளாம்

ஜூன் 11

உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். வெறும் பெயரைப் போட்டு எழுத மனம் வரவில்லை. நீங்கள் என் முன்னாள் கணவரின் இப்போதைய மனைவி. நான், உங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருக்கும் பெண்ணைப் பெற்றவள். இந்த அறிமுகம் போதும். போனில் பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் உயரும், அவள் பக்கத்திலிருந்து கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

பரீட்சை முடிவு வரும் நாளில் அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று லேபில் முன்கூட்டியே லீவு சொல்லிவைத்திருந்தேன். சொன்ன தேதிக்கு முன்னாலேயே வெளியிடுவார்கள் என்று யார் கண்டது? அவள் போன் செய்தபோது நான் ஒரு பெரியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுக்கிற இடத்தில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அது லாக்கரில் கிடந்தது. மதியம் எடுத்துப் பார்த்தால் அவள் அப்பாவிடமிருந்து ஒரு வரி: ‘பாஸ். கணக்கு கம்மி. அழுதா. இப்ப பரவாயில்ல.’ ஒரு லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு அவர் எழுதிக் கொடுக்கிற ரசீதுகூட இதைவிட நீளமாக இருக்கும்.

மாலையில் அவளைப் பிடித்தேன். “சித்தி கூடவே இருந்தாங்கம்மா, நீ கவலப்படாத” என்றாள்.

சித்தி. போன மாதம்வரை நீங்கள் ஆன்ட்டி.

இரண்டு வருடமாக அவளோடு சேர்ந்து படித்தவள் நான். மாலை ஷிப்டை விட்டேன், அதனால் வரவேண்டிய பதவி உயர்வும் வேறு ஒருத்திக்குப் போனது. ரசாயனப் பாடத்தை நான் கேட்க அவள் சொல்லி, கடைசியில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வருவாள் என்று பஸ் நம்பர்கூடப் பார்த்துவைத்திருந்தேன். அழுகிற நாள் வந்தபோது அந்த ஈரம் மட்டும் உங்கள் தோளுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிடுங்கள். இன்னொன்று. அவளை நீங்களும் ‘வாலு’ என்று கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். அது நான் வைத்த பெயர்.

– அவளுடைய அம்மா

*

ஜூன் 16

அக்காவுக்கு,

வணக்கம். அக்கா என்று அழைக்கலாமா என்று கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். வேறு சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

ஞாயிறு பஸ் ஏற்றிவிட்டேன், பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். நீங்கள் கேட்காவிட்டாலும் அன்று நடந்ததைச் சொல்வது என் கடமை. அவர் எழுதிய வரியை வைத்து நீங்கள் எதையும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

அன்று காலை எனக்கு டிரைவிங் வகுப்பு இருந்தது. கற்றுக்கொள்ள வந்த பையன் வாசலில் காரில் உட்கார்ந்திருந்தான். சாவியை எடுக்க உள்ளே வந்த நான், உங்கள் பெண் லேப்டாப்பை மூடிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போடுவதைப் பார்த்தேன். பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். தட்டவில்லை, பேசவும் இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. உள்ளே குழாயைத் திறந்துவிட்டு உங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தாள். நீங்கள் எடுக்காததும் கதவைத் திறந்தாள்.

“அம்மா எனக்காக எங்கயுமே போகல சித்தி. அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?” என்று கேட்டாள். சித்தி என்ற சொல் அப்போதுதான் வந்தது. அழுகிற வாயில் எது வருகிறதோ அது வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

அவளுடைய மதிப்பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலையே கிடைக்கும் என்று விசாரித்ததில் தெரிந்தது. விண்ணப்பித்திருக்கிறோம். கிடைத்தால் அவள் இங்கேயே தங்கிப் படிக்கலாம். பின்னறையில் இருந்த சாமான்களை எடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் வரைபலகை போட இடம் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மாதிரி ஒருத்தி

*

ஜூன் 21

உங்களுக்கு,

எனக்குத் தங்கை இல்லை. இந்த வயதில் புதிதாக ஒருத்தி வேண்டியதும் இல்லை.

அறையைக் காலி செய்துவிட்டீர்களாம். வரைபலகைக்கு இடமும் பார்த்தாயிற்றாம். விண்ணப்பித்தும் முடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள். மிச்சம் என்ன இருக்கிறது நான் யோசிக்க? ஒரு வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டீர்கள், அதில் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை, உங்கள் காலத்திலாவது அவர் வாயைத் திறக்கட்டும். ஆனால் இவள் சாமான் இல்லை, இங்கிருந்து எடுத்து உங்கள் பின்னறையில் வைக்க.

வந்ததிலிருந்து அவள் பேச்சில் நீங்கள்தான். “சித்தி வெங்காயம் நறுக்கறப்ப ஜன்னலத் திறந்து வெச்சுப்பாங்க.” “சித்தி யாரையும் அதட்ட மாட்டாங்கம்மா, தப்பா ஓட்டினாகூட.” ஏன் அதட்ட வேண்டும்? கற்றுக்கொடுக்கிற காரில் உங்கள் காலுக்கடியிலும் இன்னொரு பிரேக் இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோதும், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியபோதும் என்னிடம் இருந்தது என் வாய் ஒன்றுதான்.

நேற்று மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. படியிலேயே நின்றுவிட்டேன். யாரோடு என்று உங்களுக்குத் தெரியும். என் வயிறு எரிகிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

தீர்மானம் சொல்கிறேன். கணக்கை மட்டும் மறுபடி எழுதுகிறாள். இங்கேயே ஒரு டியூஷன் ஆசிரியையைப் பிடித்து முன்பணமும் கட்டிவிட்டேன். ஒரு வருடம் போனால் போகட்டும். அடுத்த வருடம் இந்த ஊரிலேயே இடம் கிடைக்கும். “சரிம்மா” என்று அவளும் சொல்லிவிட்டாள். நீங்கள் உங்கள் சாமான்களைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

– அவளுடைய அம்மா

*

ஜூலை 3

அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் அப்படியே எழுதுகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கோபம் வந்தது. வயிற்றெரிச்சல் உங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்தா? அவள் இங்கே இருந்த நாள்களில் ஒவ்வொரு மாலையும் உங்களோடு பேசப் போகும்போது கதவைச் சாத்துவாள். அந்த நேரத்துக்கு என்று ஒரு முகம் வைத்திருப்பாள். நான் எதிரில் வந்தால்கூடப் பார்க்க மாட்டாள். தலையணைக்கு அடியில் உங்களுடைய பழைய துப்பட்டா ஒன்றை மடித்து வைத்திருந்தாள். துவைத்துப் போடுகிறேன் என்றேன். “வேண்டாம் சித்தி, வாசனை போயிடும்” என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவரையும் சொல்கிறேன். நான் சொன்னால் எதற்கும் “ம்” என்பவர், அவள் உங்களைப் போலக் கழுத்தைச் சாய்த்துப் பேசும்போது செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்க்கிறார். எனக்கு இனிக் குழந்தை இல்லை என்று டாக்டர் சொல்லி நாளாயிற்று. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். லைசென்ஸ் வந்ததும் ஒரு நாள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அந்த அறையைக் காலி செய்ய எனக்கு அவ்வளவு அவசரம். உங்களைக் கேட்காமல் செய்தது தவறு.

இப்போது எழுதுகிற காரணம் வேறு. அவளுக்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. மின்னஞ்சல் அவளுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. உங்களிடம் சொல்லவில்லை. ஜூலை 12-க்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

நேற்று போனில் சொன்னாள். “மறுபடி அந்தப் பரீட்சைய எழுத என்னால முடியாது சித்தி. புத்தகத்தப் பாத்தாலே கை நடுங்குது. ஆனா அம்மா முகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்குது.”

“அம்மாகிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது” என்றேன்.

“சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. தேதி போனா போகட்டும். சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் செய்தேன். இதோ அதை மீறுகிறேன். அவளுக்குத் தெரிந்தால் இனி என்னிடம் ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச மாட்டாள். நீங்கள் படியில் நின்று கேட்ட அந்தச் சிரிப்பு, எனக்கும் இல்லாமல் போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், விட்டால் விடுங்கள். பிள்ளைக்கு அந்த இடம் போகக் கூடாது.

– நான்

*

ஜூலை 10

உங்களுக்கு,

உங்கள் கடிதம் லேபுக்கு வந்த அன்று ஒரு ரத்த ட்யூபில் தப்பான பெயரை ஒட்டிவிட்டேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். இத்தனை வருட வேலையில் அப்படிச் செய்ததில்லை.

முதலில் என்ன தோன்றியது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. ‘உன் சித்தி எழுதியிருக்கா பார்’ என்று இந்தத் தாளை அவள் முன்னால் போட்டால் போதும். ஆன்ட்டியாகக்கூட நீங்கள் மிஞ்ச மாட்டீர்கள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே வந்தால், மேஜையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டியூஷன் ஆசிரியை கொடுத்த கணக்கு. நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். பயந்த கைகளை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். ஊசிக்கு முன்னால் வியர்க்கிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இந்தக் கையை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன்?

“புத்தகத்த மூடு” என்றேன்.

“ஏம்மா?”

“உனக்கு அங்க சீட் கிடைச்சிருக்கும். இல்லைன்னா ஒரு வாரமா இப்படி இருக்க மாட்ட.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “சித்தி சொன்னாங்களா?”

பை தோளிலேயே இருந்தது. கடிதம் அதற்குள் இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம்.

“அவங்க ஏன் எனக்குச் சொல்லப் போறாங்க? எனக்கும் அவங்களுக்கும் என்ன பேச்சு? உன்னைப் பெத்தவ நான், உன் மூஞ்சிய எனக்குப் படிக்கத் தெரியாதா?”

அதற்கப்புறம் அழுதாள். இந்தத் தடவை என் தோளில். வாய்விட்டு, மூக்குச் சிந்தி, சின்ன வயதில் அழுத மாதிரி. சொல்லத்தான் வேண்டும், நன்றாக இருந்தது.

சம்மதம் அனுப்பிவிட்டோம். டியூஷன் ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன், ‘முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். போகட்டும். எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்டேன். உங்கள் வீடு என்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். “ஹாஸ்டல்ல இருக்கேம்மா. ரெண்டு பேர் வீட்டுலயும் யார் மூஞ்சி வாடுதுன்னு பாத்துட்டே இருக்க என்னால முடியாது” என்றாள். நம் இருவருக்குமே பெப்பே காட்டிவிட்டாள்.

நான் சொன்ன பொய்யை நீங்களும் காப்பாற்ற வேண்டும். எனக்கு நீங்கள் எழுதியதே இல்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குள் இருக்கட்டும்.

– அவளுடைய அம்மா

*

ஆகஸ்ட் 29

உங்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று ரயில் நிலையத்தில் உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஹாஸ்டலுக்குப் போக நீங்கள் ஓட்டிவந்த காரில் அவள் முன்னால் உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வேண்டியதில்லை. வழியெல்லாம் நீங்கள் இருவரும் ரோட்டைப் பற்றிப் பேசினீர்கள். எனக்கு அவளுடைய பின்னல்தான் தெரிந்தது. காலையில் நான் போட்டுவிட்ட பின்னல். அதைப் பார்த்தே வந்தேன்.

ஹாஸ்டல் வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். உங்களையும் கட்டிக்கொண்டாள். யாரை அதிக நேரம் என்று நான் கவனித்தேன். நீங்களும் கவனித்தீர்கள், மறைக்க வேண்டாம். படி ஏறும்போது நம் இருவரில் ஒருத்தியைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றோம். அங்கே பெட்டியோடு நின்ற இன்னொரு பெண்ணிடம் “எந்த ரூம்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் முன்கதவைத் திறந்து, “முன்னால வந்து உக்காருங்கக்கா” என்றீர்கள். நான் பின்னாலேயே ஏறினேன். அவள் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருக்கும் என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்தும் நீங்கள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு கையை நீட்டி உங்கள் தோளைத் தொட்டிருக்கலாம், எட்டுகிற தூரம்தான்.

இங்கே வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். மாலை ஷிப்டைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள் ஞாயிறு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாளாம். என்ன சமைத்தீர்கள், எவ்வளவு சாப்பிட்டாள், இளைத்தாளா என்று எழுதுங்கள். அவளைக் கேட்டால் “நல்லா இருக்கேம்மா” என்பதோடு முடித்துவிடுகிறாள். உங்களைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. படிக்கும்போது எரியத்தான் செய்யும். அதனால் என்ன, விவரமாகவே எழுதுங்கள்.

– அக்கா