சுருதி இறங்கும் பெட்டி

பழுகாமம்,
வைகாசி முதல் வெள்ளி.

அன்பு மச்சான் உதயரூபனுக்கு,

சீனித்தம்பி சொல்லச் சொல்ல என் மனைவி புஸ்பம் எழுதும் கடிதம் இது. எனக்கு எழுத்து எவ்வளவு தூரம் ஓடும் என்று உனக்குத் தெரியும்தானே. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், மாடுகளும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. பேசிப் பதிந்து அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. நீ கேட்டுவிட்டாய் என்று நீல அடையாளம் மட்டும் விழுகிறது. அதுதான் நீ அனுப்பின பார்சலின் மேலே இருந்த நோர்வே விலாசத்தைப் பார்த்து எழுதுகிறோம்.

முதலில் அவசரமான விசயம். நீ அம்மன் சடங்குக்கு வந்து பாடுவாய் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் கோயில் கமிட்டி, சடங்கு முடிகிற குளிர்த்திக்கு முதல் நாளை எங்கள் இசைக்குழுவுக்குத் தந்தது. களுவாஞ்சிக்குடிக் குழு ஒன்றும் அந்த நாளைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கமிட்டித் தலைவர் கதிர்காமத்தம்பி அண்ணன் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் மறிக்கிறார். போன கிழமை வயல் வட்டைக்குப் போகிற வழியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "உதயன் வாறானா இல்லையா? ஒண்டைச் சொல்லு மனே, நோட்டீஸ் அடிக்கக் குடுக்கோணும்" என்று கேட்டார். நான் "வாறான், வாறான்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். வட்டையில் சிறுபோகம் விதைத்திருக்கிறோம். தண்ணீர் பரவாயில்லை, யானைதான் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பொன்னையரின் வரம்பை உழக்கி, அவர் காவலுக்கு வைத்திருந்த சோற்றுப் பார்சலையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. புஸ்பம் இதை எழுத மாட்டேன் என்கிறா. யானைக்கும் சடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறா. சரி, பெட்டிக்கு வருகிறேன்.

"பெட்டி முன்னுக்கு வருது, நான் பின்னுக்கு வாறன்" என்று நீ எழுதி அனுப்பியபடி பெட்டி வந்து சேர்ந்தது. உடையவில்லை. சுற்றி வைத்திருந்த கம்பளிச் சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம். நான் என் கிற்றாருக்குச் சத்தம் கூட்டுகிற பெரிய அம்ப் ஒன்று வரும் என்று மாட்டுக் கொட்டிலில் இடமெல்லாம் ஒதுக்கினேன். பார்த்தால் அம்மியின் அளவுகூட இல்லை. காலால் மிதிக்க மூன்று பொத்தான், கையால் திருக ஐந்தாறு குமிழ், நடுவில் ஒரு சின்னத் திரை. இதற்குள் உலகத்து அம்ப் எல்லாவற்றின் சத்தமும் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். எப்படி இருக்கும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இருக்கட்டும்.

உங்கள் ஊர் பிளக்குக்கு இரண்டு கால், எங்கள் சுவரில் மூன்று ஓட்டை. நான் வழக்கம்போல மேல் ஓட்டைக்குள் ஈர்க்குக் குச்சி ஒன்றைக் குத்தி பிளக்கை இறக்கினேன். புஸ்பம் கையில் அகப்பையோடு வந்து, "சாகத்தான் போறீங்க எண்டா சடங்கு முடியச் சாகுங்க" என்று ஏசினா. கரண்ட் வந்தது. கூடவே ஓர் இரைச்சலும் வந்தது. கிற்றார்க் கம்பியைத் தொட்டால் நிற்கும், கையை எடுத்தால் திரும்ப இரையும். பெட்டிக்கு என்னில் பிரியம் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கக் கையை எடுக்காமல் இருந்தேன். சாப்பாடுகூட புஸ்பம்தான் ஊட்டினா. (எழுதுகிறவ இது பொய் என்கிறா. பாதி பொய்தான்.)

பிறகு வயரை என் பழைய அம்ப்பில் செருகினேன். சத்தம் வந்தது, ஆனால் சாக்குக்குள் போட்டுக் கட்டினாற்போல. கூர் இல்லை. எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருகினேன். அது ஒருமுறை வீரிட்ட சத்தத்தில் எங்கள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு குளத்துக்குள் போய் நின்றது. பொன்னையர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சீனி, அதை ஒருக்கா வட்டைப் பக்கம் கொண்டு வாவன், யானைக்கு அடிச்சுக் காட்டுவம்" என்றார்.

வேறு வழியில்லாமல் ஹமீட் காக்காவை வரச் சொன்னேன். காத்தான்குடியில் சவுண்ட் செற் வாடகைக்கு விடுகிறாரே, எங்கள் எல்லாக் கச்சேரிக்கும் அவர்தான், அவரேதான். வந்து ஒரு பிளேன்டித் தேத்தண்ணி குடித்து, பட்டிருப்புப் பாலத்தில் வான் பட்ட பாட்டைச் சொல்லி முடித்து, அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தான் கொண்டுவந்த மிக்சர் செருகியிருந்த அதே கரண்ட் பலகையில் சரியான பிளக் போட்டுச் செருகினார். இரைச்சல் நின்றது. பிறகு என் அம்ப்பைக் கழற்றி வைத்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். "மச்சான், அம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கு. நீ அதுக்கு மேல இன்னொரு அம்ப் வைக்கிறாய். சட்டை போட்டவனுக்கு மேல சட்டை போட்டா வேர்க்காமல் என்ன செய்யும்?" என்றார். நேரே மிக்சருக்குள் விட்டதும் சத்தம் வெளுத்த வேட்டி மாதிரி வந்தது. மச்சான், அந்த நேரம் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

அன்றைக்கே கீபோட்காரன் நிலோஜனும் வந்தான். இப்போது அவன் பிரதேச செயலகத்தில் வேலை, மீசை எல்லாம் வைத்திருக்கிறான். பெட்டித் திரையில் உன் பாட்டுப் பேர்களை நீயே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருக்கிறாய் என்று அவன்தான் வாசித்துச் சொன்னான். பெட்டிக்குள் நீ பதிந்து வைத்த ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பாட்டின் பேர். முதலாவது உன் தோணிப் பாட்டு. சரி என்று இரண்டு பேரும் தொடங்கினோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுருதி சேரவே இல்லை.

நான் எப்போதும் கம்பியைச் சுருதியில் அரைக்கட்டை இறக்கித்தான் கட்டுவேன். உன் தொண்டைக்காகப் பழகினது. நீ போய் இத்தனை வருசம் ஆகியும், இப்போது பாடுகிற கம்சாயினிக்கு அது தேவையில்லை என்றாலும், கை அப்படித்தான் கட்டும். நிலோஜனும் கீபோட்டில் அந்த அரைக்கட்டை இறக்கும் பொத்தானை அமத்திவிட்டுத்தான் உட்காருவான். ஆகவே என் கம்பியில்தான் பிழை என்று நினைத்து ஏற்றிக் கட்டினேன். சேர்ந்தது. சந்தோசப்பட்டுக்கொண்டு அடுத்த பாட்டுக்கு மிதித்தேன். திரும்பவும் சேரவில்லை. இன்னும் ஏற்றினேன், கம்பி ஒன்று அறுந்து நெற்றியில் அடித்தது. அதற்கு அடுத்தது இன்னும் கீழே. ஒவ்வொரு மிதிக்கும் பெட்டி ஒவ்வொரு படியாய் இறங்கிக்கொண்டு போகிறது.

நிலோஜன், "சாமானில பழுதுகா. குளிர் நாட்டுச் சாமான், எங்கட வெக்கைக்கு இளகுது" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஈரத் துணியால் சுற்றி நிழலில் வைத்தோம். சிரிக்காதே. ஆறின பிறகும் அப்படியேதான் இருந்தது. ஹமீட் காக்கா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு சத்தத்துக்குள்ளும் நுழைந்து பார்த்தார். "இது பழுது இல்ல மச்சான். ஆரோ கையால வைச்சிருக்கிறாங்க. இதில அரைக்கட்டை இறக்கியிருக்கு. இதில ஒரு கட்டை. இதில ஒண்டரை" என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உதயனுக்கு என்ன விசரா, எங்களைக் குழப்புகிறதுக்கென்றே செய்தானா என்று ஏசினேன். மன்னித்துக்கொள்.

கடைசிப் பாட்டு வரைக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே திரும்பவும் அதே தோணிப் பாட்டுத்தான் இருந்தது. முதலாவதில் அரைக்கட்டை இறங்கியிருந்த பாட்டு, அங்கே இரண்டரைக் கட்டை இறங்கி இருந்தது.

மாட்டுக்குத் தவிடு குழைத்துக்கொண்டு நின்ற புஸ்பம்தான் கேட்டா. "இதைப் போட்டுக்கொண்டு அங்க ஆர் பாடின?"

வேறு யார், உதயன்தான் என்றேன்.

"அப்ப பெட்டி சரியாத்தான் இருக்கு" என்றா. தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "உதயண்ணன்ர குரலைக் கடைசியா எப்ப கேட்ட நீங்க?" என்று கேட்டா.

யோசித்துப் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு வாழ்த்து எழுதி அனுப்பினாய். சித்திரைக்கும் எழுத்துத்தான். பெட்டி வருகிறது என்றதும் எழுத்துத்தான். கம்சாயினியைச் சேர்த்ததில் உனக்கு மனவருத்தம், அதுதான் போன் எடுக்கிறாய் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நிலோஜன், "வயசுக்குச் சுருதி இறங்கும்தானே" என்று மெதுவாகச் சொன்னான். ஹமீட் காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வாப்பாவுக்கும் தொண்டையில்தான் நோய் வந்தது என்று எனக்குத் தெரியும்.

மச்சான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சளித் தடிமனா, குளிரா, வயசா, வேறு ஏதுமா? பெட்டி எங்களுக்கு என்று அனுப்பினாயா, இனி உனக்குத் தேவையில்லை என்று அனுப்பினாயா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் யானையிலும் எருமையிலும் சுற்றிக்கொண்டு வந்தேன் போல இருக்கிறது.

நேற்றுக் கதிர்காமத்தம்பி அண்ணனின் வீட்டுக்குப் போனேன். "அந்த நாளை எங்களிட்டயே விடுங்க. உதயன் வருவான். பாடுவானோ எனக்குத் தெரியா" என்றேன். வெற்றிலையை மென்றபடி, "பாடாட்டி என்னத்துக்குடா வாற?" என்று கேட்டார். "எங்கட ஆள்தானே அண்ணன்" என்றேன். துப்பிவிட்டு வந்து, "சரி, நோட்டீசில ஒருத்தர்ர பேரும் வேணா, குழுவின்ர பேரை மட்டும் போடுறன்" என்றார். நாள் எங்களுக்குத்தான்.

பின்னேரம் எல்லாரும் கூடி, கடைசியாக இருக்கிற அந்தத் தோணிப் பாட்டை எடுத்தோம். என் கம்பியை நேராகக் கட்டினேன், கீபோட்டை இரண்டரைக் கட்டை இறக்கினோம். கம்சாயினி பாடிப் பார்த்துவிட்டு, "மாமா, கிணத்துக்குள்ள நிண்டு பாடுறாப்போல இருக்கு, எனக்கு வராது" என்று சிரித்தாள். உனக்கு இல்லை புள்ள என்றேன். அவள் பிறகு சிரிக்கவில்லை. பாடுகிறவர் இல்லாமலே பாட்டை முழுக்க அடித்து முடித்தோம். அந்தச் சுருதியிலும் நல்லாய்த்தான் இருக்கிறது. இன்னும் இறக்க வேண்டும் என்றாலும் இறக்கலாம், பெட்டியில் இடம் இருக்கிறது என்று ஹமீட் காக்கா சொல்கிறார்.

நீ வா. பாட முடிந்தால் பாடு. இல்லாவிட்டால் மேடையில் எங்களோடு ஒரு கதிரையில் இரு, கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தொண்டைக்கு ஆகிற மாதிரிக் குழைசோறு செய்கிறேன் என்று புஸ்பம் இதை எழுதும்போதே சொல்கிறா. எழுத்தும் கொஞ்சம் அழிந்துபோய் இருக்கும், பார்த்து வாசி.

அம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். போன் எடுக்க வேண்டாம், பேசிப் பதிந்தும் அனுப்ப வேண்டாம். "வாறன்" என்று ஒரு சொல்லை அடித்து அனுப்பு, எங்களுக்கு அதுவே காணும்.

உன் வரவை எண்ணிக்கொண்டு,
சீனித்தம்பி